பாதாளம் ஸ்டாப்

“பாதாளம் இறங்ஙானுண்டோ?” என்று நடத்துநர் கேட்டதும் பேருந்தில் பாதிப் பேர் எழுந்து வாசலுக்கு நகர்வார்கள். தமிழ்க் காதுக்கு முதல் தடவை திக்கென்று இருக்கும். மலையாளத்தில் ‘கவல’ என்றால் முச்சந்தி. ‘பாதாளம் கவல’ என்று கடைப் பலகையில் படிக்கிற தமிழனுக்கு இரண்டு சொல்லும் உதைக்கும். கொச்சி அருகே இந்த ஏலூரில் யாருக்கும் உதைப்பதில்லை. காய்கறிப் பையோடும் குடையோடும் சாவகாசமாக இறங்கிப் போகிறார்கள்.

அத்தைக்குக் காலில் சர்க்கரைப் புண். வியாழக்கிழமைதோறும் கட்டு மாற்ற வேண்டும். மட்டாஞ்சேரியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து அவளை அரசு சுகாதார மையத்துக்கு அழைத்துப் போவது என் வேலை. ஓ.பி. சீட்டு வாங்கி பெஞ்சில் உட்கார வைத்ததும் அத்தை தூங்கிவிடுவாள். எனக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு காரியம் இல்லை. கர்க்கடக மாதம். வெளியே மழை, உள்ளே ஈரக் குடைகளின் வாடை, சுவரெல்லாம் கொசுவைப் பற்றிய சுவரொட்டிகள்.

முதலில் காதில் விழுந்தது இருமல்தான். ஆளைப் பிறகுதான் பார்த்தேன்.

நான் சுக்கு மண்டிகளுக்கு நடுவே குடியிருக்கிறவன். எங்கள் தெரு இருமல் வேறு மாதிரி. மிளகாய் மூட்டையைப் பிரித்தால் தெருவே சேர்ந்து இருமும், மூட்டை உள்ளே போனதும் அடங்கிவிடும். இந்த இருமலுக்கு அப்படிப்பட்ட அவசரம் கிடையாது. தொண்டையில் ஒரு கனைப்பு. அப்புறம் நனைந்த துணியைக் கல்லில் அடித்தாற்போல் இரண்டு. அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த இடைவெளியில்தான் பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நீள விசிலோடு மூச்சு திரும்பி வந்த பிறகு அவரவர் முகத்தை எடுத்துக்கொண்டார்கள்.

எழுபது தாண்டிய பெரியவர். இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் சாய்ந்து, தோள்களைத் தூக்கி உட்கார்ந்திருந்தார். மூச்சுக்குக் கஷ்டப்படுகிறவர்கள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே இந்த உட்காரும் முறைக்கு வந்து சேர்வார்கள். உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுகிறவர் மாதிரி காற்றை மெள்ள விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை, அதற்குள் அவருடைய பத்து வருடக் காகிதங்கள்.

டாக்டர் அறைக்குக் கதவு இருந்தது, சாத்துகிற வழக்கம் இல்லை. அம்மாள் நின்றபடியே ஒப்பித்தாள். “டாக்டரம்மா, இவுகளுக்கு சுகர் பன்னெண்டு வருசமா. பிரஷர் உண்டு. போன வருசம் ஹார்ட்டுல ஒண்ணு வந்து போச்சு. முட்டல் முன்னாடியே உள்ளதுதான். இப்ப ரெண்டு வாரமா கபக்கெட்டு. ராத்திரி பூரா இருமுதாக.”

திருநெல்வேலித் தமிழில் மலையாளம் ஊறிய பேச்சு. இளம் டாக்டர் மலையாளத்தில் கேட்க, அம்மாள் தமிழில் சொல்ல, இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கியது. முதுகில் நாலு இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு, “மருந்து வல்லதும் கழிச்சோ?” என்று டாக்டர் கேட்டார். பெரியவர் தரையைப் பார்த்தார். அம்மாள் பைக்குள் கைவிட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆன்டிபயாட்டிக். மூன்று குழி காலி, மூன்றில் மாத்திரை.

கதை இதுதான். இவர் போய்க் கேட்ட மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கேரளத்தில் கொஞ்ச காலமாக அதில் கெடுபிடி அதிகம். 2018இல் நுண்ணுயிர்கள் மருந்துக்கு மசியாமல் போவதைத் தடுக்க மாநிலம் தனியாக ஒரு செயல்திட்டம் போட்டது. 2024 தொடக்கத்தில் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்று பேர் வைத்து மருந்துக்கடைகளில் திடீர்ச் சோதனையும் ஆரம்பித்தது. ஆன்டிபயாட்டிக்கை நீல உறையில்தான் போட்டுத் தர வேண்டும் என்றுகூட ஏற்பாடு. ஆனால் செங்கோட்டையில் இவருக்கு ஒரு தம்பி இருக்கிறார். ஆரியங்காவு கணவாய் வழியாக அரிசி முறுக்கு வருகிற பையில் மாத்திரை அட்டையும் வந்துவிட்டது. மூன்று நாள் சாப்பிட்டதும் சற்றுத் தேவலை. மீதி மூன்றை அடுத்த தடவைக்கு என்று எடுத்து வைத்துவிட்டார். சிக்கனம்தான். நம் வீடுகளில் பாதி மாத்திரை டப்பாக்கள் இந்தச் சிக்கனத்தால்தான் நிறைந்திருக்கின்றன. பாதியில் விட்ட மருந்து நோயை உலுக்கிவிட்டது, வேரைத் தொடவில்லை.

டாக்டர் திட்டவில்லை. அட்டையைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். முழு வாரத்துக்கு வேறொரு மருந்து, வீசிங்குக்கு ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை, நெபுலைசர். பெரியவர் முகமூடிக்குள் ஆவியை இழுத்தபடி கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். புறப்படும்போது அவர் கையில் நீல உறை இருந்தது. அதை அவர் கல்யாணப் பத்திரிகையைப் போல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

அடுத்த வியாழன் ஆவி வேண்டியிருக்கவில்லை. இருமலின் ஓசையும் மாறியிருந்தது, கல்லில் அடிக்கும் ஈரத்துணி இப்போது பாதி காய்ந்துவிட்டது. ஆனால் அம்மாள் முகம் சரியில்லை. கூட்டுறவு வங்கிக் காலண்டரின் தாள் ஒன்றைக் கிழித்து நாலாக மடித்து வைத்திருந்தாள். பின்பக்கம் முழுக்க எண்கள், மூன்று நிற மையில்.

“காலையில பாத்தா நூத்தி நாப்பது. சரியாத்தான இருக்குன்னு விட்டுட்டேன். மூணாம் நாளு சாயங்காலம் கண்ணு மங்குதுன்னாக. பாத்தா முந்நூத்திப் பத்து.”

காலையில் விழுங்கிய ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடுவது பிற்பகலுக்கு மேல்தான். விடிந்ததும் வெறும் வயிற்றில் குத்திப் பார்க்கிறவர்களுக்கு அது அகப்படாது. இதை அந்த அம்மாளுக்கு ஒரு புத்தகமும் சொல்லவில்லை. சந்தேகப்பட்டு மதியம், சாயங்காலம், படுக்கப் போகும் முன் என்று குத்திப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். டாக்டர் காலண்டர் தாளை வாங்கிச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதை ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார். அம்மாளின் கழுத்து ஓர் அங்குலம் நிமிர்ந்ததை நான் மட்டுமே பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

பெஞ்சில் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்த சேச்சி, தாளீசபத்ராதி சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தால் இருமல் ஓடிப்போகும் என்றாள். அம்மாள் சிரித்தாள். “போன கர்க்கடகத்துல குடுத்தேன் சேச்சி. பெறகு டப்பாவத் திருப்பிப் பாத்தா, பாதிக்கு மேல சீனி.” உண்மைதான், அந்தச் சூரணத்தில் சர்க்கரை ஒரு முக்கியச் சரக்கு. கடையில் விற்கிற இருமல் சிரப்புகள் பலவற்றிலும் அப்படித்தான். ஒரே உடம்பில் நாலு நோய் குடியிருந்தால், ஒன்றுக்குச் சாப்பாடு போடும்போது இன்னொன்றும் இலையைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறது.

தண்ணீர் விஷயத்தில் கணவனும் மனைவியும் என் கண்ணெதிரே சண்டையே போட்டார்கள். கபம் இளக வேண்டுமானால் வெந்நீர் குடிக்க வேண்டும். இதயத்துக்காக ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் கூடாது என்று இன்னொரு மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருக்கிறது. நீர் பிரிய மாத்திரை வேறு. பேருந்தில் மூத்திரம் முட்டுமே என்று அவர் தண்ணீரையே தொடுவதில்லை. கபம் பசையாகிவிட்டது. “ஏளா, நீ அளந்து அளந்து குடுத்தா நான் என்ன மருந்தா குடிக்கேன், தண்ணிதான குடிக்கேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு தடவை நின்றார். அவள் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு பழைய மருந்து பாட்டிலை எடுத்தாள். அதில் கோடு கிழித்திருந்தாள். ஒரு மடக்குக்கு ஒரு கோடு.

அவளும் இரண்டு தடவை முந்தானையில் வாயை மூடி இருமினாள். இளமைக்காலம் முழுக்க ஊரில் விறகடுப்பு ஊதியவள் என்பது பேச்சில் தெரிந்தது. அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று மழை விடாததால் யாரும் போகவில்லை, பெரியவருக்குப் பேச்சு வந்துவிட்டது. அவருடைய அப்பா செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்திலேயே இங்கே வந்தவராம். உரக் கம்பெனியில் விறகு வேலைக்கு. கேட்டுக்கொண்டிருந்த பையன் நம்பவில்லை. உரக் கம்பெனியில் விறகு எதற்கு? எனக்கு வாய் துறுதுறுத்தது, பேசவில்லை. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில், 1943இல், திருச்சி சேஷசாயி சகோதரர்கள் முன்னின்று தொடங்கியது ஃபாக்ட் என்கிற இந்த உரக் கம்பெனி. 1947இல் உற்பத்தி ஆரம்பித்தபோது அம்மோனியாவுக்கு வேண்டிய வாயுவை விறகை எரித்துத்தான் எடுத்தார்கள். காட்டு மரம் ஆற்றங்கரையில் உரமாகி வயலுக்குப் போனது. பின்னால் டி.டி.டி. வந்தது, அருமண் வந்தது, காஸ்டிக் சோடா வந்தது. பெரியாறு இரண்டாகப் பிரிந்து அணைத்துக்கொண்ட இந்தத் தீவிலும் எதிர்க்கரை எடையாரிலுமாகப் புகைபோக்கிகள் எழுந்தன. உத்யோகமண்டல் என்று பேர். வேலை தேடி வந்தவர்களுக்கு அந்தப் பேர் போதுமானதாக இருந்தது. அவரும் முப்பது வருடம் ஒப்பந்தத்தில் மூட்டை தூக்கியிருக்கிறார், எந்த வாசலில் என்று சொல்லவில்லை.

“வாடைய வச்சே சொல்லிருவேன், காத்து எங்கேந்து வருதுன்னு” என்றார். கையால் நாலு திசையையும் காட்டினார். பெருமையாகத்தான் சொன்னார்.

இந்த ஊர் நெஞ்சைப் பற்றி எழுதப்படாமல் இல்லை. 2003இல் கிரீன்பீஸ் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஏலூர் மக்களையும் இதே ஆற்றின் மேற்பக்கத்துக் கிராமமான பிண்டிமனை மக்களையும் ஒப்பிட்டு, மூச்சுக் கோளாறு உள்படப் பல நோய்கள் இங்கேதான் அதிகம் என்றது. அடுத்த ஆண்டு ஜூலையில் பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் எண்டோசல்ஃபான் பிரிவு தீப்பற்றி எரிந்தது. 2023 மார்ச் 2ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைமலை பிடித்துக்கொண்டு பத்து நாளுக்கு மேல் கொச்சியைப் புகைக்குள் வைத்திருந்தது. “அதுக்கப்புறம்தான் முட்டல் முழுசாப் போகவே இல்ல” என்பது பெரியவர் கட்சி. “பீடி?” என்றான் பையன். “பீடியும்தான்” என்றார். சுகாதார மையத்து நோட்டில் புகைப்பழக்கம் உண்டா என்று ஒரு கட்டம் இருக்கிறது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது. இரண்டில் எது எத்தனை பங்கு என்று இந்த நுரையீரலைப் பிளந்து பார்த்தாலும் எழுதியிருக்காது.

மூன்றாவது வியாழன் சளிப் பரிசோதனை. மூன்று வாரம் தாண்டிய இருமல், கூடவே சர்க்கரை. காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், சர்க்கரை உள்ளவர்களை அது தேடி வரும். சில ஆன்டிபயாட்டிக்குகள் காசத்தைச் சற்று அமுக்கிவைத்து மறைத்துவிடும் என்பதால் அதுவரை புதிய மருந்து எதுவும் எழுத டாக்டர் மறுத்துவிட்டார். விடிந்ததும் வாய் கொப்பளித்து, ஆழத்திலிருந்து இருமி டப்பாவில் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். பெரியவர் பெருமையோடு கொண்டுவந்து நீட்டினார். ஆய்வகத்துப் பெண் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, “இது துப்பலாணு அம்மாவா, கபம் வேணம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வாழ்நாளெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று துப்பிய பொருள், கேட்கும்போது வரவில்லை. வெளியே வராந்தா ஓரத்தில், சாரலில், அம்மாள் அவரைக் குனிய வைத்து உள்ளங்கையைக் குழிவாக்கி முதுகில் தட்டினாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. குழந்தைக்கு ஏப்பம் வர வைப்பது போன்ற தட்டுதான், ஓசை மட்டும் பெரிது. “உள்ள இருந்து… உள்ள இருந்துங்க.” அவர் இருமினார். வரிசையில் நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள், ஓர் இளைஞன் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். கடைசியில் வந்தது. அவள் டப்பாவை மூடி, வெளிப்புறத்தைத் துடைத்து, முந்தானையில் மறைத்து எடுத்துப் போனாள்.

ட்ரூநாட் என்று ஒரு சின்ன இயந்திரம். கோவா நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு, மேஜை மேல் அடங்கிவிடும். கிருமியின் மரபணுவைத் தேடி ஓரிரு மணி நேரத்தில் சொல்லிவிடும். முன்பெல்லாம் இதற்கு நாள்கணக்காகக் காத்திருந்திருக்கிறோம். மாதிரி வேறிடத்துக்குப் போய் முடிவு சாயங்காலம் போனில் வரும் என்றார்கள். போனில் வந்ததோ நேரில் வந்து கேட்டார்களோ, அடுத்த வாரம் நான் பார்த்தபோது இருவருமே சற்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். காசம் இல்லை.

ஆனால் இருமல் இருந்தது. அதுதான் வேடிக்கை. கபம் வற்றிவிட்டது, விசில் குறைந்துவிட்டது, ஆன்டிபயாட்டிக் முடிந்துவிட்டது. படுத்தால் மட்டும் வறட்டு இருமல், ஊசியால் தொண்டையைச் சொறிகிற மாதிரி. டாக்டர் ஜவுளிக்கடைப் பையை முழுவதும் மேஜையில் கவிழ்க்கச் சொன்னார். அட்டை அட்டையாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றார். இதயத்துக்கும் பிரஷருக்குமாகப் போன வருடம் சேர்த்த மாத்திரை, ராமிப்ரில். நல்ல மாத்திரைதான். ‘ப்ரில்’ என்று முடிகிற இந்தக் குடும்பம் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். நெஞ்சில் நோய்த்தொற்று கூத்தாடிக்கொண்டிருந்த இத்தனை வாரமும் இது அதன் நிழலில் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. இருமல் ஒன்றுதான், சொந்தக்காரர்கள் இரண்டு பேர்.

“அப்ப இத நிறுத்திரட்டுமா?” என்று பெரியவர் ஆவலாகக் கேட்டார். அம்மாள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். டாக்டர் இதய மருத்துவரிடம் போனில் பேசி, மாற்று மாத்திரை எழுதினார். இருமல் உடனே போகாது, சில வாரம் ஆகலாம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும் என்றார். இதற்கிடையில் எடுத்த எக்ஸ்ரேயில் இருக்கிற நிழலும் அப்படித்தான்: ஆள் எழுந்து நடமாடிய பிறகும் அது மறைய ஆறு வாரமாவது ஆகும், வயதும் சர்க்கரையும் இருந்தால் இன்னும் இழுக்கும். அதற்குள் பயந்து ஊர் ஊராக எக்ஸ்ரே எடுக்க வேண்டாம். அம்மாள் காலண்டரில் ஆறு வாரம் எண்ணி ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். அது ஓணத்துக்கு முன்னாலா பின்னாலா என்று பார்த்துக்கொண்டாள்.

ஆறாவது வியாழன் ‘ஸ்வாஸ்’ அறை. நாட்பட்ட மூச்சு நோய்க்காரர்களுக்கு என்று ஆர்த்ரம் திட்டத்தின் கீழ் கேரளத்துக் குடும்ப சுகாதார மையங்களில் வந்த ஏற்பாடு இது. முன்பு பெரிய மருத்துவமனைக்குப் போனால்தான் கிடைத்த ஸ்பைரோமெட்ரி கருவி இங்கே ஒரு நர்ஸின் மேஜையில் இருக்கிறது. தொற்று அடங்கும் வரை ஊதக் கூடாது என்று காத்திருந்திருக்கிறார்கள். மூக்கில் கிளிப், வாயில் அட்டைக் குழல். “ஊதிக்கோ, ஊதிக்கோ, ஊதிக்கோ, நிர்த்தருது!” நர்ஸின் குரல் வள்ளங்களிப் படகில் ஏறி நிற்பவருடையது போல வராந்தா வரை கேட்டது. மூன்று தடவை ஊதினார். அத்தை விழித்துக்கொண்டு, “யாருக்குப் பிரசவம்?” என்றாள்.

பிறகு இன்ஹேலர் பம்பு பாடம். பம்பைப் பிடித்துவிட்டால் விட முடியாது என்று இத்தனை வருடம் அதை அலமாரியில் பூட்டி வைத்திருந்தவர் பெரியவர். மூட்டு வலிக்கும் விரலால் அழுத்தவும் அதே நொடி இழுக்கவும் முடியவில்லை. நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் ஸ்பேசரை மாட்டிக் காட்டினாள். இழுத்த பின் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை உள்ள வாயில் வெண்படலம் பிடிக்கும். அம்மாள் அதையும் எழுதிக்கொண்டாள்.

அன்று திரும்பும்போது மழை விட்டிருந்தது. அவர்கள் வீடு பாலத்துக்கு அக்கரை. ஆட்டோ ஒன்று நிறுத்திக் கேட்டது, பெரியவர் கையசைத்து அனுப்பிவிட்டார். நானும் அத்தையும் டீக்கடை வாசலில் நின்றோம். பாலத்துக்கு அடியில் மதகு ஷட்டர்கள் தூக்கியிருந்தன. ஆறு மண் நிறத்தில் ஓசையோடு போய்க்கொண்டிருந்தது. 2024 மே மாதம் இதே ஷட்டர்களைத் திறந்தபோது கீழே வராப்புழை, கடமக்குடி வரை மீன்கள் செத்து மிதந்தன. நீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அம்மோனியாவும் சல்ஃபைடும் மிகுந்திருந்தன என்றது மீன்வளப் பல்கலைக்கழகம். கூண்டுமீன் வளர்த்தவர்கள் அழுகிய மீனைக் கொண்டுவந்து கொட்டிப் போராடினார்கள்.

பெரியவர் முதல் விளக்குக் கம்பத்தைத் தாண்டினார். இரண்டாவதில் நின்று, கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதினார். அம்மாள் இரண்டடி தள்ளி ஆற்றைப் பார்ப்பதுபோல நின்றாள். அவர் புறப்பட்டதும் புறப்பட்டாள். அடுத்த நிறுத்தம் நாலாவது கம்பத்தில். காற்று திசை மாறி ஏதோ ஒரு நெடி வந்தது. எங்களுக்கே மூக்கு சுருங்கியது. அவர் தலையைத் தூக்கி, ஒரு விரலை நீட்டி, எந்தப் பக்கம் என்று அவளுக்குக் காட்டினார். அவள் தலையாட்டிவிட்டு, துண்டை இழுத்து அவர் மூக்கைச் சுற்றிப் போட்டாள்.

பாலத்தின் கடைசியில் சைக்கிள் பஞ்சர் கடை ஓரமாக ஒதுங்கி அவள் பையைத் திறப்பது தெரிந்தது. காலண்டர் தாளை எடுத்துத் தொடையில் வைத்து எதையோ எழுதினாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினார். அவள் மறுத்து மூன்று விரல் காட்டினாள். பின்னால் ஹாரன் அடித்த லாரிக்கு வழி விட்டு இருவரும் ஒதுங்கினார்கள். லாரி போன பிறகும் விரல்கள் ஓயவில்லை.